ஏழாம் இடத்துக் கூடாரம்

மலைமேல் அந்த ஏரிக்கரையில் பதினாறு கூடாரங்கள் அடிக்க இடம் உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கல், கல்லின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். ஒரு குழாய், இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை, விறகு அடுக்க ஒரு தகரக் கொட்டகை. மின்சாரம் கிடையாது. 'அடிப்படை வசதிகள் உண்டு' என்று வாசல் பலகையில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அந்த வசதிகளில் முக்கால்வாசி சாவியக்காதான்.

இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் வந்த பெயர். வயது ஐம்பத்து மூன்று. கொத்தில் ஒன்பது சாவிகள் இருக்கின்றன. அவற்றில் நாலுக்குப் பூட்டே இல்லை, துருப்பிடித்துத் தூக்கிப் போட்டு வருஷங்கள் ஆகின்றன. இருந்தாலும் அந்த நாலையும் கழற்ற மாட்டாள். "நான் வர்றது உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கணும்ல" என்று கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டிச் சொல்வாள். அது பாதி நிஜம். ஆளே வராத மழை மாதங்களில், நடக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று பேசிக்கொண்டு வருவது அவளுக்கு வேண்டியிருந்தது.

வேலை முதலில் அவளுடையதல்ல, புருஷனுடையது. இருவரும் சேர்ந்துதான் மலை ஏறினார்கள். இரண்டாம் வருஷம், பதினாறு இடமும் நிரம்பியிருந்த ஒரு விடுமுறை நாளில் குழாய் இணைப்பு உடைந்து தண்ணீர் பீச்சியடித்தது. "முக்கால் இஞ்ச் எல்போ ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே போன மனிதர் இருபது வருஷமாக அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். வேறோர் ஊரில், வேறொரு வீட்டில் குடித்தனம் நடத்துவதாகத் தங்கை விசாரித்துச் சொன்னாள். சாவியக்கா அழுதாள், திட்டினாள், நடுவில் எழுந்து போய் உடைந்த குழாயைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினாள். பதினாறு குடும்பத்துக்கும் தண்ணீர் வேண்டுமே. அடுத்த மாதம் அலுவலகத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு இவள் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

அவளுக்கென்று ஒரு வேலை உண்டு. யாரும் கொடுக்காத வேலை. டவுனிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடாரம் அடிக்கத் தெரியாது. முளையைச் சாய்த்து அடிக்காமல் நட்டுக்குத்தாக அடிப்பார்கள், கயிற்றைத் தொளதொளவென்று விட்டுவிட்டு ஏரியைச் சுற்றப் போய்விடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஏரிமேல் காற்று கிளம்பும். அதற்கு முன்னால் சாவியக்கா சுத்தியலோடு ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு முளையையும் பிடுங்கிச் சாய்த்து அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு வந்துவிடுவாள். மறுநாள் காலையில் யாராவது ஒரு குடும்பத் தலைவர் பல் தேய்த்தபடி, "நாங்களே அடிச்சோம்க்கா. அந்தக் காத்துக்கும் அசையலயே!" என்பார். "கை வாகு அப்படிங்க" என்பாள் சாவியக்கா, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல்.

எல்லோரும் அவளிடம் நன்றாகத்தான் பழகுவார்கள். ஏரியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வரிசையாக நின்று, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துடுங்களேன்" என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பாளோ. எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவள் எடுத்த படம் தொங்குகிறது. அவள் ஒன்றிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கரையில் புல் நசுங்கிய பதினாறு சதுரங்கள் மட்டும் கிடக்கும். திங்கள்கிழமைகள்தான் அவளுக்கு ஆகவே ஆகாது.

தங்கை வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வாள். தண்ணீர்த் தொட்டியின் மூன்றாம் படியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். "இன்னும் எத்தனை நாளைக்கு அந்தக் கக்கூஸைக் கழுவிக்கிட்டு அங்கயே கெடப்ப? இங்க வந்து என்னோட இரேன்" என்பாள். "வரேன் வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவாள் சாவியக்கா. தங்கை வீட்டில் மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. போனால் நாலாம் நாளே 'எப்பக்கா கிளம்பறே?' என்று பார்வையால் கேட்பாள் என்பது அக்காவுக்குத் தெரியாதா?

இப்போது ஏழாம் இடத்துக்கு வருவோம்.

பதினாறில் யாருக்கும் வேண்டாத இடம் அதுதான். எதிரே ஆள் உயரப் பாறை, ஏரி தெரியாது. மலைச்சிகரம் பார்க்கலாமென்றால் மரக்கிளைகள் தாழ்ந்து மறைக்கும். போதாக்குறைக்குத் தரைக்குள் வேர் ஒன்று ஓடுகிறது. படுத்தால் சரியாக முதுகில் குத்தும் என்று அங்கே ஒரே ஒரு ராத்திரி தங்கிய எல்லோருமே புகார் சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம் இரண்டாம் புதன்கிழமை, ஒரு மனிதர் தனியாக வந்தார். பதினைந்து இடம் காலியாக இருந்தது. ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு ஏழாவதில் பையை இறக்கினார்.

"அங்க ஏரி தெரியாதுங்க. பன்னெண்டுல அடிச்சுக்கோங்க, ஜம்முனு இருக்கும்" என்றாள்.

"பரவால்ல. இதுவே போதும்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் ஏதோ ஓர் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் என்பது மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. மனைவி போய்விட்டாள் என்பது ஐந்தாம் வருஷம். பெயர் பதிவேட்டில் இருந்தது. ஆனால் அவள் மனசுக்குள் வைத்த பெயர் 'ஏழு'. ஒவ்வோர் அக்டோபரும் அதே புதன்கிழமை இரண்டு மணி பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார். நடுவில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வாக்கியங்கள் பேசினால் அதிகம். அவர் அடித்த கூடாரத்தில் மட்டும் சாவியக்காவின் சுத்தியலுக்கு வேலை இருந்ததில்லை. முளைகள் அத்தனையும் ஒரே சாய்வில் இருக்கும். கூடாரத்தின் நாலு மூலைக்கும் நாலு தட்டைக் கற்கள் வைத்திருந்தார். போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போவார். அவற்றை யாரும் நகர்த்தாமல் சாவியக்கா வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டாள்.

முதல் வருஷம் அவள் எல்லோரிடமும் சொல்கிற மாதிரி அவரிடமும் அந்த எல்போ கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். இரண்டாம் வருஷம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே முக்கால் இஞ்ச் எல்போ. நேராகப் போய்ச் சைக்கிள் டியூபை அவிழ்த்து, அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டுத்தான் கூடாரம் அடித்தார். அன்று சாவியக்கா விறகுக் கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். விறகு எடுக்கப் போகவில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. போன வருஷம் போகிற போக்கில் அவள் சொன்ன ஏதோ ஒன்று அடுத்த வருஷம் அவர் பையிலிருந்து வெளியே வரும். கழிப்பறை கழுவ முழங்கைவரை வருகிற ரப்பர் உறை. நெற்றியில் கட்டிக்கொள்கிற டார்ச். எண் எழுதுவதற்கு மழையில் கரையாத பெயிண்ட். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் சாவியக்கா அவர்முன் வாயை அளந்து பேச ஆரம்பித்தாள். பெரிதாக எதையாவது உளறிவைத்தால் அதையும் சுமந்துகொண்டு வந்துவிடுவாரே என்ற பயம்.

போன வருஷம் அந்தக் காவலும் தப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் கூடாரத்தை மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "இத்தன வருஷமா ஊரார் டென்ட்டுக்கெல்லாம் காவல் இருக்கேன். ஒரு நாள் உள்ள படுத்துப் பாத்ததில்ல. எனக்கு யாரு அடிச்சுக் குடுப்பா, சொல்லுங்க?" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. மடித்த துணியை இன்னொரு தரம் மடித்தார். பஸ் போன பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் இருக்கிறதே, அதற்கும் ஒரு பூட்டு போட்டிருக்கலாம்; சாவிதான் நாலு சும்மா தொங்குகிறதே என்று மழைக்காலம் முழுக்கத் தன்னைத்தானே ஏசிக்கொண்டாள். ஆனால் மழை விட்டதும் கீழே டவுனுக்குப் போய் ஒரு நாற்காலி வாங்கிவந்தாள்.

அவள் அறை, பலகை மாட்டிய அந்த நுழைவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஒரு நாற்காலி. இருபது வருஷமாக அந்த ஒரு நாற்காலி போதுமாயிருந்தது. இந்த வருஷம் அவர் வந்ததும், 'டீ குடிக்க வாங்களேன்' என்று கூப்பிடப்போகிறாள். கூப்பிட்டுவிட்டு அவரை நிற்கவா வைப்பது? பஸ் கூரைமேல் நாற்காலியைக் கட்டும்போது டிரைவர் கிண்டல் செய்யாமல் விடவில்லை. "என்ன தங்கச்சி, வீட்டுக்கு யாரோ விருந்தாளி போல?" என்றார். "காலை நீட்டிக்க, அண்ணே" என்றாள். டிரைவர் ஹாரனை ஒரு தரம் சும்மா அடித்தார்.

இதற்குள் அலுவலகம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இனி எல்லாம் போனில் முன்பதிவு. காலியாக இருக்கிற இடத்தை யாருக்கும் பிடித்துவைக்கக் கூடாது. இதைச் சரிபார்க்க ஒரு மேற்பார்வையாளர் ஜீப்பில் வர ஆரம்பித்தார். அட்டையில் செருகிய தாளில் எதைப் பார்த்தாலும் ஒரு டிக் போடுவார். டிக்மார்க் என்றே அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. 'ஏழு' போனில் பதிவு செய்கிற ஆளில்லை. அந்த வாரமோ நீண்ட விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் பதினைந்து இடம் நிரம்பிவிட்டது.

"ஏழாம் நம்பர் காலிதானே? நாளைக்கு ஒரு குடும்பத்தை அனுப்பறேன்" என்றார் டிக்மார்க், போனில்.

"ஆள் வந்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டாள் சாவியக்கா. இருபத்திரண்டு வருஷத்தில் அலுவலகத்துக்கு அவள் சொன்ன முதல் பொய் அது.

"அப்படியா? மத்தியானம் வந்து பாக்கறேன்."

தொட்டிப் படியிலிருந்து இறங்கி ஓடினாள். விட்டுப்போன சாமான்கள் கிடக்கும் பரணில் ஒரு நீலக் கூடாரம் இருந்தது. ஒரு கம்பி உடைந்திருந்ததால் அந்த இடத்தில் குச்சியை வைத்துக் கட்டி, ஏழாம் இடத்தில் அடித்தாள். அவசரத்தில் வாசலைப் பாறைப் பக்கம் திருப்பிவைத்தாள். டிக்மார்க் வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஆள் இருக்கற மாதிரியே தெரியலயே?"

"ஏரிக்குப் போயிருக்காங்க."

"வெறும் டென்ட்டை அடிச்சு எடம் பிடிக்கற ஆளுங்க இருக்காங்கம்மா. நாளைக்குக் காலைல திரும்ப வருவேன்."

ஆகவே புதன்கிழமை விடிந்ததும் கூடாரத்துக்குக் குடும்பக் களை ஏற்றினாள். தன் பழைய செருப்பைக் கொண்டுபோய் வாசலில் விட்டாள். தன் துண்டைக் கயிற்றில் காயப்போட்டாள். கல்லின்மேல் இரண்டு தம்ளர். அப்படியும் என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. பரணில் யாரோ விட்டுப்போன பூட்ஸ் ஒரு ஜோடி, ஆம்பிளைக் கால் அளவில், பெரிதாகக் கிடந்தது. அதைத் துடைத்துத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். தூர நின்று பார்த்தாள். அட, நிஜமாகவே இரண்டு பேர் உள்ளே தூங்குகிற மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. டிக்மார்க் வந்தார், பூட்ஸைப் பார்த்தார், திருப்தியாக ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். இரண்டு மணிக்குப் பஸ் வரும். ஒன்றரைக்கு எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

விடுமுறைக் கூட்டத்துக்காகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ் கூடுதலாக விட்டிருந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது கழிப்பறை அடைத்துக்கொண்டது. அவர் கொடுத்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, முழங்கைவரை கையை விட்டுக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது குழாயடியில் நீளமான ஒரு பை இருந்தது. பக்கத்தில் எட்டாம் இடத்து டீச்சர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது உங்களுக்குத்தான். ஒருத்தர் குடுத்துட்டுப் போனாரு."

"யாரு?"

"தனியா வந்தாரு. வயசானவர், கண்ணாடி போட்டிருந்தாரு. உங்க டென்ட்டுகிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. 'இங்க யாரு இருக்காங்க'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்?"

"உங்க செருப்பு கெடந்துச்சு, உங்க துண்டு காயுது. 'அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் போல'ன்னு சொன்னேன். ஏன்க்கா, தப்பா?"

"அவரு என்ன சொன்னாரு?"

"'நல்லது, நல்லது'ன்னாரு. அப்புறம் கீழ உக்காந்து ஒரு கயிறு தொளதொளன்னு இருக்குன்னு இழுத்துக் கட்டினாரு. ஒரு முளைய பிடுங்கிச் சாய்ச்சு அடிச்சாரு. இந்தப் பைய குடுத்து, 'ஏற்கெனவே ஒண்ணு இருக்கு போல. பரவால்ல, இதுவும் இருக்கட்டும்னு சொல்லுங்க'ன்னுட்டு வந்த பஸ்லயே கிளம்பிட்டாரு."

பையின் வாயைப் பிரித்தாள். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு புதுக் கூடாரம்.

கையிலிருந்த உறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பஸ் நிற்கும் வளைவு அரை மைல் கீழே இருக்கிறது. இடுப்பில் சாவிச் சத்தம் இல்லாமல் ஓடுவது யாரோ வேறொருத்தி ஓடுகிற மாதிரி இருந்தது. வளைவில் ஒருவரும் இல்லை. அவர் இல்லை என்பது ஓடும்போதே தெரியும், தெரிந்துதான் ஓடினாள். அங்கேயே மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு மணிப் பஸ் வரும்வரை.

"என்ன தங்கச்சி, கையில உறையோட நிக்கற?" என்றார் டிரைவர். "ஏழாம் நம்பர்காரர் எதிர் வண்டில போறாரே, பாத்தேன். ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தாரு. கையக் காட்டினேன், கவனிக்கல. ஒடம்பு சரியில்லையா அவருக்கு?"

"அண்ணே, அவரைத் திரும்பப் பாத்தா ஒண்ணு சொல்லணும்."

"அடுத்த வருஷம்தானே வருவாரு? அதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மென்ட்டே வந்துடும். சரி, வர்ற ஆளுகிட்ட சொல்லிவைக்கறேன். என்ன சொல்லணும்?"

சாவியக்கா வாயைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை என்பதா? எல்லாம் உங்களுக்காகப் பிடித்துவைத்த இடம்தான் என்பதா? நாற்காலி வாங்கியிருக்கிறேன் என்பதா? பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த பூட்ஸுக்குள்ள கால் இல்லன்னு சொல்லுங்க."

"என்னது?"

"அப்படியே சொல்லுங்கண்ணே. அவருக்குப் புரியும்."

டிரைவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

மேலே ஏறிவர வெகு நேரம் பிடித்தது. பூட்ஸை எடுத்துக் கொட்டகைக்குள் வீசினாள். நீலக் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒரே ஒரு முளை மட்டும் வரவில்லை. அதுதான் அவர் சாய்த்து அடித்தது. அதன் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஏங்கி ஏங்கி அழுதாள். டீச்சர் தன் பிள்ளைகளை ஏரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அந்த முளையை அப்படியே விட்டுவிட்டாள் சாவியக்கா. நாலு தட்டைக் கற்களையும் அளவாக வைத்துக்கொண்டு, அவர் வழக்கமாக அடிக்கிற அதே வாக்கில், வாசலைப் பாறைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, பச்சைக் கூடாரத்தை அடித்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஐந்து மணிக்கு டிக்மார்க் மறுபடி வந்து நின்றார்.

"காலைல நீலமா இருந்துச்சே?"

"அவங்க போயிட்டாங்க."

"அப்ப இது யாரு?"

"நான்."

டிக்மார்க் அட்டையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் கண் சிவந்திருந்ததைக் கவனித்தாரோ என்னவோ, சட்டம் எதுவும் பேசவில்லை. தாளில் ஏழாம் வரிசையில் பேனாவை வைத்தார். "எத்தனை பேர்னு எழுதணும்மா."

"ஒருத்தர்."

"எத்தன நாளைக்கு?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

எழுதிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். அன்றைக்கு டிக் போட மறந்துவிட்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. சாவியக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். புதுத் துணியின் வாசனை. படுத்தாள். சொல்லிவைத்த மாதிரி வேர் வந்து முதுகில் குத்தியது. இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். எப்படிப் படுத்தாலும் குத்தியது. பதினோரு வருஷம், வருஷத்துக்கு நாலு ராத்திரி, மனுஷன் எப்படித்தான் இதில் படுத்தாரோ? பன்னிரண்டாம் இடம் எத்தனை சுகமாக இருக்கும், கழுத்து வலிக்க ஏரியைப் பார்த்துக்கொண்டே கிடக்கலாமே. ஏரியும் இல்லாமல் மலையும் இல்லாமல் இங்கே படுத்துக்கொண்டு அப்படி என்னத்தைத்தான் பார்த்தார்?

ஒருக்களித்துப் படுத்து, வாசல் துணியை விலக்கினாள்.

நின்றால் கண்ணை மறைக்கிற அந்தத் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே, படுத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு முழ உயரத்துக்கு நேராக ஓர் இடைவெளி போயிற்று. அதன் மறுமுனையில் ஓர் அறையின் கதவு இருந்தது. அவளுடைய அறைதான். காலையில் அவசரத்தில் சாத்த மறந்திருந்தாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மேசையின் இரு பக்கமும் இரண்டு நாற்காலிகள் தெரிந்தன.